விண்டோஸில் லாட்ஸ்பா பிளக்-இன்: எந்தக் கம்பைலர்?

லினக்ஸில் 'மேக்' என்று தட்டினால் உருவாகிவிடும் லாட்ஸ்பா (ஒலி எஃபெக்ட்களுக்கான ஒரு பிளக்-இன் வடிவம்) பிளக்-இன், விண்டோஸுக்கு வந்ததும் அடம்பிடிக்கும். ஆடாசிட்டி போன்ற திறமூல ஒலி மென்பொருளுக்காக அதை டிஎல்எல் கோப்பாக்க (விண்டோஸ் மென்பொருள்கள் ஏற்றிக்கொள்ளும் நூலகக் கோப்பு) மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: விஷுவல் ஸ்டுடியோ, விண்டோஸிலேயே ஓடும் எம்சிஸ்2, லினக்ஸில் இருந்தபடியே விண்டோஸுக்குக் கம்பைல் செய்யும் மின்ஜிடபிள்யூ.

விஷுவல் ஸ்டுடியோ எடுத்த எடுப்பிலேயே முரண்டு பிடிக்கும். பல பிளக்-இன்கள் லினக்ஸில் வழக்கமான கம்பைலரான ஜிசிசியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பை மாறிலியைப் பெறக்கூட இங்கே ஒரு மேக்ரோவை முன்னதாக வரையறுக்க வேண்டும். ஓடும்போது நீளம் முடிவாகும் அரேக்களை இந்தக் கம்பைலர் ஏற்பதே இல்லை. இதெல்லாம் பரவாயில்லை, எந்த வரியில் பிழை என்று தெரிந்துவிடும். ஒரு பிழையும் காட்டாமல் டிஎல்எல் உருவாகி, எஃபெக்ட் பட்டியலில் மட்டும் பெயர் வராமல் போவதுதான் தலைவலி. நீங்கள் குறிப்பிட்டுச் சொல்லாத எந்த ஃபங்ஷனும் வெளியே தெரியாது என்பதே காரணம். 'எக்ஸ்போர்ட்ஸ்' என்று ஒரு வரி, அதன் கீழே, பிளக்-இன் விவரங்களை மென்பொருளுக்குத் தரும் டிஸ்கிரிப்டர் ஃபங்ஷனின் பெயர். இந்த இரண்டு வரி டெஃப் கோப்பை இணைத்தால் தீர்ந்தது.

எம்சிஸ்2 தரும் ஜிசிசியில் இந்தத் தொல்லை இல்லை. எதையும் குறிக்காவிட்டால் எல்லாவற்றையும் அதுவே வெளியே காட்டிவிடும். ஆனால் உங்கள் கணினியில் ஓடும் பிளக்-இன் இன்னொருவர் கணினியில் 'பிழை 126, மாட்யூலைக் காணவில்லை' என்று நிற்கும். டிஎல்எல் கண்ணெதிரே இருக்கும். காணாமல் போனது அது நம்பியிருக்கும் ஜிசிசியின் துணை நூலகம். விண்டோஸ் அதன் பெயரைச் சொல்லித் தொலைக்காது. 'ஸ்டேட்டிக்' தேர்வைச் சேர்த்து லிங்க் செய்தால் போதும். ஸ்டார்ட் மெனுவில் எம்சிஸ்2-இன் யுசிஆர்டி64 ஷெல்லைத் (கட்டளைச் சாளரம்) திறக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். வெறும் எம்சிஸ் ஷெல்லில் கம்பைல் செய்தால் அதன் சொந்த நூலகமும் தொற்றிக்கொள்ளும்.

லினக்ஸிலிருந்து கம்பைல் செய்வதிலும் அதே ஜிசிசிதான், அதே குணம்தான். எம்சிஸ்2-இல் ஊர்ந்து செல்லும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் (கட்டுவதற்கு முன் கணினியைச் சோதிப்பது) இங்கே சட்டென்று முடியும். சோதிக்க மட்டும் விண்டோஸோ, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைனோ வேண்டும்.

எந்த வழியில் போனாலும் தப்பாத பொறி ஒன்று உண்டு. பழைய பிளக்-இன்கள் தங்கள் விவரங்களை '_இனிட்' ஃபங்ஷனில் நிரப்பும். விண்டோஸில் அதை யாரும் அழைப்பதில்லை. டிஸ்கிரிப்டர் 'நல்' (null) என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தரும். அந்த வேலையை, டிஎல்எல் ஏற்றப்படும்போது விண்டோஸ் அழைக்கும் டிஎல்எல்மெயின் ஃபங்ஷனுக்கு மாற்றுங்கள்.

சி மொழியில் எழுதிய லாட்ஸ்பா, அதன் வாரிசான எல்வி2 என்றால் என் ஓட்டு லினக்ஸ் வழிக்கு. லினக்ஸ் இல்லாதவர்களுக்கு எம்சிஸ்2. இடைமுகம் சி என்பதால், மென்பொருளை வேறு கம்பைலரில் கட்டியிருந்தாலும் பொருந்தும். ஒரு பக்கம் ஒதுக்கிய நினைவகத்தை மறுபக்கம் விடுவிக்காதவரை. சி++ கிளாஸ்களை நேரடியாகப் பரிமாறும் மாட்யூல் என்றால் இந்தத் தேர்வுக்கே இடமில்லை: ஆடாசிட்டியின் விண்டோஸ் வெளியீடு விஷுவல் ஸ்டுடியோவில் கட்டப்படுவது, நீங்களும் அதிலேயே கட்ட வேண்டும்.