டிபிஎக்ஸ் 286எஸ்: மூன்று நாள் திட்டு வாங்கிய பெட்டி

ஒரே ஒரு மைக்குக்காக, ஒலிக்கருவிகளை அடுக்கும் ரேக்கில் ஒரு தட்டையே ஒதுக்கணுமா என்று ரொம்ப நாள் யோசித்துவிட்டுத்தான் டிபிஎக்ஸ் 286எஸ் என்கிற இந்த மைக் ப்ராசஸரை வாங்கினேன். ஒரு யூ, அதாவது ரேக்கில் ஒரு தட்டு, உயரப் பெட்டிக்குள் மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைத் தூக்குவது), கம்ப்ரஸர் (உரத்த சத்தத்தை அமுக்குவது), டீ-எஸ்ஸர் (‘ஸ’ சீறலைக் குறைப்பது), என்ஹான்ஸர் (குரலுக்குத் தெளிவு கூட்டுவது), கேட் (பேசாத நேரத்தில் இரைச்சலை அடைப்பது) ஐந்தும் வரிசையாக இருக்கின்றன. முதல் மூன்று நாள் இதைத் திட்டிக்கொண்டே இருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது.

இதன் அவுட்புட் கால் இஞ்ச் ஜாக் மட்டும்தான், எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளின் மூன்று முள் கனெக்டர்) கிடையாது. கையில் ஒரு முனை டிஆர்எஸ் (மூன்று தொடர்பு உள்ள கால் இஞ்ச் ஜாக்), மறுமுனை எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிள் கிடந்ததா, அதை மிக்ஸரின் மைக் இன்புட்டில் செருகிவிட்டேன். பெட்டி ஏற்கெனவே லைன் லெவலுக்கு (மைக் சிக்னலைவிட வெகு பலமான அளவு) தூக்கிவிட்ட சிக்னலை மிக்ஸரின் ப்ரீஆம்ப் மறுபடியும் தூக்க, சாதாரணமாகப் பேசினாலே சிவப்பு லைட், குரல் கரகரவென்று உடைந்தது. நான் என்னடா என்றால் கம்ப்ரஸர் நாப்களைத் திருகிக்கொண்டிருந்தேன். இதில் இன்னொரு கூத்து, என் மிக்ஸரில் 48 வோல்ட் பேன்டம் (கண்டென்ஸர் மைக்குக்கு கேபிள் வழியே போகும் மின்சாரம்) எல்லா சேனலுக்கும் சேர்த்து ஒரே பட்டன். பக்கத்து கண்டென்ஸர் மைக்குக்காக அது ஆனில் இருந்தது, அதாவது பெட்டியின் அவுட்புட்டுக்குள் 48 வோல்ட்டை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். எதுவும் புகையாதது என் அதிர்ஷ்டம்.

சரி, சரியான வழி என்ன? லைன் இன்புட்டில் கொடுத்து கெயினை அடிமட்டத்தில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் சின்ன மிக்ஸர்கள் பலவற்றில் லைன் இன்புட்டும் அதே ப்ரீஆம்ப் வழியாகத்தான் போகிறது. அதனால் நான் இன்சர்ட்டுக்கு, அதாவது மிக்ஸரின் ப்ரீஆம்புக்கு அடுத்து வெளிக்கருவியை நுழைக்கும் ஜாக்குக்கு, மாறினேன். ஒய் கேபிளில் ஜாக்கின் நுனியான டிப் செண்ட் (வெளியே போவது), அடுத்த வளையமான ரிங் ரிட்டர்ன் (உள்ளே வருவது); செண்ட் முனையைச் சும்மா விட்டுவிட்டு ரிட்டர்ன் முனையை மட்டும் பெட்டியின் அவுட்புட்டில் செருகினால் மிக்ஸரின் ப்ரீஆம்ப் வழியிலேயே வராது. செய்து பார்த்தபோது முதலில் காதில் பட்டது அமைதிதான், பின்னால் ஓடிய உஸ்ஸென்ற இரைச்சல் கிட்டத்தட்ட காணோம்.

அப்புறம்தான் பெட்டியின் அருமை தெரிந்தது. கெயின் 60 டெசிபல் வரை போவதால் மந்தமான டைனமிக் மைக்கும் உயிர் பெறுகிறது. கம்ப்ரஸரில் த்ரெஷோல்ட் (எந்த அளவில் அமுக்கத் தொடங்கணும்), ரேஷியோ (எந்த விகிதத்தில் அமுக்கணும்) என்று தேடினால் கிடைக்காது, டிரைவ் (அமுக்கும் அளவு), டென்சிட்டி (அமுக்கியதை விடும் வேகம்) என்று இரண்டே நாப். அளந்து வைத்துப் பழகியவர்களுக்கு எரிச்சலாக இருக்கும், எனக்குப் பிடித்திருக்கிறது. டிரைவை ஓரிரண்டு எல்இடி மினுக்குகிற அளவோடு நிறுத்திவிடுவேன். டீ-எஸ்ஸரைக் கொஞ்சம் கூட்டினால் ‘ஸ’, ‘ஷ’ வரும் இடத்தில் காதைக் கீறுவது அடங்குகிறது, அதிகம் கூட்டினால் பாடுகிறவருக்கு நாக்கு தடித்துப்போன மாதிரி ஆகிவிடும். என்ஹான்ஸரை நான் தொடுவதே இல்லை.

மேடைக்குக் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். இப்படி இணைத்தால் பாடகர் தன் குரலைக் கேட்கும் மேடை ஸ்பீக்கரான மானிட்டருக்கும் கம்ப்ரஸ் ஆன சிக்னல்தான் போகும். பாடகர் வாயை மூடியதும் கம்ப்ரஸர் கையை எடுத்துவிடும், மேடைச் சத்தம் மேலே வரும், மானிட்டர் கூவ ஆரம்பிக்கும். அங்கே டிரைவைப் பாதியாக்கிவிடுங்கள். இரண்டு பேர் பாடுகிற இடத்துக்கு இரண்டு பெட்டி வேண்டும், இது ஒரே சேனல்தான்.