மாவின் புளிப்பை அளக்க வாங்கிய பிஎச் பேனா: எட்டு மாதம் கழித்து

மதுரையில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். தினமும் இருபது கிலோ அரிசி போடுவேன். போன மே மாதம், வாடிக்கையாக வாங்கும் அக்கா ஒருவர் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். "நேத்து நல்லா இருந்துச்சும்மா, இன்னைக்கு ஒரே புளிப்பு." அதே உளுந்து, அதே உப்பு, அதே நேரம். எது மாறியது என்று அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மனசு கேட்கவில்லை.

புளிப்பை, அதாவது அமிலத்தன்மையை, எண்ணாகச் சொல்லும் அளவுதான் பிஎச். முதலில் நிறம் மாறிக் காட்டும் பிஎச் தாள் வாங்கினேன். மாவுக்கு அது ஒத்துவரவில்லை. தாளில் மாவு அப்பிக்கொள்ளும், துடைத்தால் நிறமும் கலைந்துவிடும். அட்டையில் 4-க்கு ஒரு நிறம், 5-க்கு ஒரு நிறம், நடுவில் ஒன்றும் இல்லை. என் சிக்கல் அந்த நடுவில்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் 700 ரூபாய்க்குள் இந்தப் பேனா மீட்டரை ஆன்லைனில் வாங்கினேன்.

7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம் என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பது மறந்தே போயிருந்தது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். 5-இலிருந்து 4-க்கு இறங்கினால், அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு கூடும். 4.5-இலிருந்து 4.2-க்கு இறங்கினாலே இரண்டு மடங்கு! பேனா வந்த நாளிலிருந்து நோட்டில் எழுதிவருகிறேன். அரைத்தவுடன் 6.2 அளவில் இருக்கும். பொங்கி 4.5-க்கு வந்த மாவை யாரும் குறை சொன்னதில்லை. ஒருநாள் கொஞ்சம் மாவை வெளியிலேயே விட்டு, 4.2 காட்டியதும் தோசை ஊற்றித் தின்று பார்த்தேன். அந்த அக்கா சொன்ன அதே புளிப்பு.

உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிவரும் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. வெயில் காலத்தில் அவற்றுக்கு வேகம் அதிகம். மே மாதம் ஆறு மணி நேரத்தில் வந்த எண், மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் வரவில்லை. இப்போது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. 4.6 வந்ததும் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். பெரிய தூக்கில் வைத்தால் நடுவில் சூடு ஆறுவதற்குள் இன்னும் இறங்கிவிடும்.

இந்த அளவுகோலை 1909-இல் கொண்டுவந்தவர் சோரன்சன், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். நொதிக்க வைக்கிற தொழிலோடு ஒட்டிப் பிறந்த அளவு நம் மாவுக்கும் பொருந்துவதில் எனக்குத் தனி சந்தோஷம்.

பேனாவைப் பராமரிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கூடவே 4.01, 6.86, 9.18 என்று மூன்று பஃபர் பொடிகள் (கரைத்தால் அந்தந்த பிஎச் எண்ணே வரும் பொடிகள்) வரும். ஒவ்வொன்றையும் 250 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கரைக்க வேண்டும், அது பேட்டரிக் கடையில் கிடைக்கும். மாவுக்கு முதல் இரண்டும் போதும், நம் எண் அவற்றுக்கு நடுவில்தான் விழும். நான் வாரம் ஒருமுறை காலிபரேஷன் செய்கிறேன், அதாவது அந்தக் கரைசல்களில் வைத்துப் பேனாவின் எண்ணைச் சரிசெய்கிறேன். ஒருமுறை மூன்று வாரம் விட்டுவிட்டேன், 4.01 கரைசலிலேயே 4.3 காட்டியது. முனையில் உள்ள கண்ணாடிக் குமிழைத் துணியால் தேய்க்கவே கூடாது. மாவு காய்வதற்குள் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். குமிழ் காயாமல் இருக்க மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு கரைசல் சில சொட்டு விடுங்கள். வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறப் போட்டால் குமிழ் கெடும்.

ஆர்ஓ தண்ணீரில் எண் நிற்கவே இல்லை என்று சிலர் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்திருக்கிறார்கள். அது பேனாவின் குற்றமில்லை. உப்பு மிகக் குறைந்த தண்ணீரில் எந்த மீட்டரும் தடுமாறும், காற்றிலுள்ள கார்பன் டைஆக்ஸைடு கரைந்து எண்ணும் 7-க்குக் கீழே இறங்கும். சந்தேகமிருந்தால் பஃபர் கரைசலில் வைத்துப் பாருங்கள்.

குறையும் உண்டு. எனக்கு முதலில் வந்த பேனாவின் குமிழில் விரிசல் இருந்தது, எதில் வைத்தாலும் 7-ஐ ஒட்டியே காட்டியது. மாற்றித் தந்தார்கள், ஆனால் பத்து நாள் அலையவிட்டார்கள். பார்சல் வந்த அன்றே பொடியைக் கரைத்துச் சோதித்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள். வீட்டுக்கு மட்டும் அரைப்பவர்களுக்கு இது தேவையில்லை, மூக்கும் கையும் போதும். விற்பவர்கள் கட்டாயம் வாங்குங்கள். ஐந்துக்கு நான்கு ஸ்டார்.