கம்பெனி ரவுட்டரா, கடை ரவுட்டரா, ஓப்பன்டபிள்யூஆர்டியா?

ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டியே போதுமா, கடையில் தனியாக ஒன்று வாங்கலாமா, அதில் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டரோடு வரும் மென்பொருளுக்குப் பதிலாகப் போடும் இலவச மென்பொருள்) ஏற்றலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேகத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் அதை யார் அடைப்பார்கள், எத்தனை வருடம் அடைப்பார்கள் என்று பாருங்கள்.

கம்பெனி பெட்டியில் நமக்கு வேலை குறைவு, அப்டேட்டை அவர்களே தொலைவிலிருந்து போடலாம். போட்டால் சரி. ஆனால் அதே வழியில் தாக்குதலும் வரும். 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்கள் இணைப்பை இழந்தார்கள். மிராய் (ரவுட்டர், கேமரா போன்ற கருவிகளைத் தொற்றும் தீய நிரல்) வகைத் தாக்குதல் குறிவைத்தது ரவுட்டரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் 7547 என்ற போர்ட்டை (இணைப்பு வரும் எண்ணிட்ட வாசல்).

கடை ரவுட்டரில், தானாக அப்டேட் ஆகிற மாடல்தான் பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது. வாங்கும்போதே எதுவரை அப்டேட் வரும் என்று பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அப்டேட் நின்ற பிறகும் பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், நமக்கு ஒன்றுமே தெரியாது. 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை முடக்கியதாக அறிவித்த கேவி பாட்நெட்டில் (தாக்குபவர்கள் கைப்பற்றி இயக்கும் கருவிகளின் கூட்டம்) பெரும்பாலும் இப்படிக் கைவிடப்பட்ட சிஸ்கோ, நெட்கியர் ரவுட்டர்கள்தான். வோல்ட் டைஃபூன் என்ற சீன ஹேக்கர் குழு அந்த வீடுகளையும் சிறு அலுவலகங்களையும் மறைவிடமாக வைத்துக்கொண்டு வேறு இடங்களைத் தாக்கியது.

ஓப்பன்டபிள்யூஆர்டி அப்படிக் கைவிடப்பட்ட பல மாடல்களுக்கு மறுவாழ்வு கொடுக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஆனால் அப்டேட்டை நாம்தான் போட வேண்டும், ஏற்றியவுடன் ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) பாஸ்வேர்டும் இருக்காது, முதலில் அதை வையுங்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை இதற்காக உட்கார முடியாதவர்களுக்கு இது வேண்டாம்.

கண்காணிப்பு விஷயத்தில் மூன்றும் ஒன்றுதான். டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை ஐபி முகவரி என்ற எண்ணாக மாற்றித் தரும் சேவை) என்கிரிப்ட் செய்தாலும் எந்த ஐபி முகவரிக்குப் போகிறீர்கள் என்று இணைய நிறுவனத்துக்குத் தெரியும். விபிஎன் (நம் போக்குவரத்தை மறைத்து வேறொரு நிறுவனத்தின் வழியாக அனுப்பும் சேவை) போட்டால் அதே விவரம் விபிஎன்காரரிடம் போகும்.

அப்புறம், எதை வைத்திருந்தாலும் டபிள்யூபிஎஸ்ஸை (வைஃபை பாஸ்வேர்ட் அடிக்காமல் பட்டனாலோ பின் எண்ணாலோ சேரும் வசதி) அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க பின் எண்ணை இரண்டு பாதியாகச் சோதிப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் பிடித்துவிடலாம் என்று 2011லேயே தெரிந்துவிட்டது. அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வெளியிலிருந்து அட்மின் பக்கம் திறக்காதபடி வையுங்கள். கம்பெனி பெட்டியை மாற்ற விடமாட்டார்கள் என்றால் பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) போடச் சொல்லி, அதற்குப் பின்னால் உங்கள் ரவுட்டரை மாட்டிக்கொள்ளலாம்.