"மீட்டிங்னு மட்டும் சொல்லிடுங்க" என்பவரை நம்பி விமானம் ஏறாதீர்கள்

பிசினஸ் விசாவை எடுத்துக் கையில் கொடுத்து, வெளிநாட்டில் இரண்டு மாத வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டுகளும் கன்சல்டன்சிகளும் பேசும் பேச்சு எங்கும் ஒன்றுதான். வொர்க் பர்மிட் வர மாதக்கணக்கில் ஆகும், ப்ராஜெக்ட்டோ அடுத்த வாரம். "60 நாள்தானே, பிசினஸ் விசாவுல போயிடுங்க. இமிக்ரேஷன்ல கேட்டா மீட்டிங்னு மட்டும் சொல்லிடுங்க. அங்க போய் மாத்திக்கலாம்." பணம் கைமாறும், விசாவும் வந்துவிடும். அதுவும் அசல் விசா! ஏமாறுவதற்குக் காரணமே அதுதான். பொய் இருப்பது விண்ணப்பத்தில், பயண நோக்கம் கேட்கும் கட்டத்தில். அதற்குக் கீழே இருக்கும் கையெழுத்து உங்களுடையது.

விமான நிலையத்தில் மாட்டுவதற்குப் பெரிய துப்பறிதல் எதுவும் வேண்டாம். அழைப்புக் கடிதத்தில் 'தொழில்நுட்பக் கலந்துரையாடல், 5 நாள்' என்று இருக்கும். ரிட்டர்ன் டிக்கெட் 58 நாள் கழித்து. பெட்டியைத் திறந்தால் சேஃப்டி ஷூ, ஹெல்மெட், மல்டிமீட்டர். போனில், வாட்ஸ்அப் குரூப்பில், பெயரோடு நைட் ஷிஃப்ட் பட்டியல். அமெரிக்க எல்லை அதிகாரிகளுக்குப் போனை வாங்கிப் பார்க்கும் அதிகாரம் உண்டு. அங்கிருந்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பினால் ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். எடுத்தாலும் "நீங்க சரியா பதில் சொல்லலை" என்பார்.

பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், மாநாடு, தொழிற்சாலையைச் சுற்றிப் பார்ப்பது: இவற்றில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. அந்த ஊர் நிறுவனத்தில் ஒரு ஊழியர் செய்ய வேண்டிய அன்றாட வேலையை நீங்கள் செய்வது எங்கும் கூடாது. இழுபறி வருவது இயந்திரம் நிறுவுவதிலும் பழுதுபார்ப்பதிலும்தான். ஏஜென்டுகள் விளையாடுவதும் அங்கேதான்.

அமெரிக்காவின் பிசினஸ் விசாவான பி-1 விசாவில் இதற்கு இடம் உண்டு, ஆனால் நிபந்தனைகளோடு. இயந்திரம் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனத்திடம் வாங்கியதாக இருக்க வேண்டும். அதை நிறுவித் தருவது விற்பவர் பொறுப்பு என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். போகிறவருக்கு அதற்கான தனித்திறன் வேண்டும்; சம்பளம் அமெரிக்காவிலிருந்து வரக்கூடாது. கட்டுமான வேலையைக் கையால் தொடக்கூடாது, மேற்பார்வையோ பயிற்சியோ மட்டும்தான். "சம்பளம் சொந்த நாட்டுலதானே வருது, அப்ப அது வேலையே இல்லை" என்று சொல்கிறவர்கள் ஐந்து நிபந்தனைகளில் ஒன்றைச் சொல்லிவிட்டு நான்கை முழுங்குகிறார்கள். 2025 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பேட்டரி ஆலைக் கட்டுமான இடத்தில் சோதனை நடந்து சுமார் 475 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் 300க்கும் மேற்பட்டோர் தென் கொரியர்கள். பி-1 விசாவிலும் விசா விலக்குத் திட்டத்திலும் வந்தவர்கள் அதில் இருந்தார்கள். பெரிய நிறுவனங்களின் ப்ராஜெக்ட்டிலேயே இந்த நிலைமை.

பிரிட்டனிலும் ஏறக்குறைய இதே கணக்கு: உற்பத்தியாளர் அல்லது சப்ளையரின் ஊழியர் நிறுவலாம், சரிசெய்யலாம், ஆனால் வாங்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும். அதாவது நடுவில் உள்ள மேன்பவர் ஏஜென்சியின் ஆள் என்றால் இந்தக் கதவு திறக்காது. ஜெர்மனியில், விற்ற இயந்திரத்தை நிறுவ 12 மாதத்தில் 90 நாள் வரை வொர்க் பர்மிட் தேவையில்லை. ஆனால் வேலை தொடங்கும் முன்பே கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமைக்கு உங்கள் நிறுவனம் தெரிவித்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் இயந்திரம் நிறுவுவது போன்ற சில வேலைகளுக்கு வொர்க் பாஸ் விலக்கு உண்டு, ஆண்டுக்கு 90 நாள் வரை. நாட்டுக்குள் வந்தபின், வேலையைத் தொடங்கும் முன், மனிதவள அமைச்சகத்துக்கு ஆன்லைனில் அறிவிக்க வேண்டும். விலக்கில் வராத வேலையை பாஸ் இல்லாமல் செய்தால் 20,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

நாள் கணக்கில் நடக்கும் ஏமாற்று தனி. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை, ஒரு வருட மல்டிப்பிள் என்ட்ரியாக எடுத்துக் காட்டி "வருஷம் முழுக்க போய் வரலாம்" என்பார்கள். விதியோ, எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள்தான். நுழையும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தி. ஜனவரி 10 முதல் பிப்ரவரி 28 வரை இருந்தால், லீப் வருடமில்லை என்றால், 50 நாள் போயிற்று. மே 1 அன்று மறுபடி நுழைந்தால் மிச்சம் 40 நாள். ஜூன் 9 இரவுக்குள் வெளியே இருக்க வேண்டும். 'விசா செல்லுபடியாகும் தேதி'யை மட்டும் பார்த்து ஜூன் கடைசி வரை ஷிஃப்ட் போட்டுவிடுவார்கள். 2025 அக்டோபர் 12 முதல் அங்கே கணினி நுழைவு-வெளியேற்றப் பதிவு நடைமுறைக்கு வந்துவிட்டது. முத்திரை மங்கிவிட்டது, பக்கம் கண்ணில் படாது என்ற பழைய நம்பிக்கையெல்லாம் இனி வேலைக்கு ஆகாது.

பின்விளைவு ஏஜென்ட் மேல் விழாது. பொய் சொல்லி விசா பெற்றதாக அமெரிக்கா முடிவெடுத்தால் நுழைவுத் தடை நிரந்தரம். சிறப்பு விலக்கு கிடைத்தால்தான் மறுபடி போக முடியும். பிரிட்டனில் விண்ணப்பத்தில் ஏமாற்றினால் 10 ஆண்டு தடை. 'இதற்குமுன் விசா மறுக்கப்பட்டதா' என்ற கேள்வி பல நாட்டு விண்ணப்பங்களிலும் உண்டு, அதற்கு வாழ்நாள் முழுக்க பதில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: பிசினஸ் பயணக் காப்பீடுகள் பலவற்றில் உடல் உழைப்பு வேலையில் படும் காயத்துக்குப் பணம் கிடையாது. சாரத்திலிருந்து விழுந்தால் ஆஸ்பத்திரி பில் உங்கள் தலையில்.

ஆகவே பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது விசா நகலை அல்ல. விற்பனை ஒப்பந்தத்தில் நிறுவும் பொறுப்பு எழுதியிருக்கும் பக்கத்தைக் கேளுங்கள். அழைப்புக் கடிதத்தில் நீங்கள் செய்யப்போகும் வேலை அதே சொற்களில் இருக்கிறதா, நாள்கள் டிக்கெட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ரசீதில் தூதரகக் கட்டணம் தனியாக, இவர்கள் கூலி தனியாக இருக்கட்டும். பெரியவர்களுக்கு ஷெங்கன் கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் கேட்பதெல்லாம் வேறு யாருக்கோ போகிறது.

சமர்ப்பித்த விண்ணப்பத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில் நிரப்ப யாராவது உதவினார்களா என்றே ஒரு கேள்வி இருக்கிறது. வேறு ஆள் நிரப்பினாலும் கடைசியில் கையொப்பப் பொத்தானை விண்ணப்பதாரர்தான் அழுத்த வேண்டும். "அதெல்லாம் நாங்களே சப்மிட் பண்ணிட்டோம்" என்று பதில் வந்தால், நேர்காணல் ஜன்னலில் அதிகாரி படிக்கப்போவது நீங்கள் ஒருமுறைகூடப் பார்க்காத உங்கள் வாக்குமூலம்.