சுங்கை சிப்புட் ஊழியர் தியான முகாம்: சென்று வந்தவனின் மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குச் செல்லும் பழைய சாலையில் உள்ள சுங்கை சிப்புட்டில், தமிழ்க் கிறிஸ்தவச் சபையொன்று தன் ஊழியர்களைப் போன்ற இறைப்பணி செய்வோருக்கென நடத்தும் தியான முகாமுக்கு அண்மையில் சென்று வந்தேன். வெள்ளி மாலை ஆறு மணிக்குத் தொடங்கி, ஞாயிறு காலை ஆறரைக்கு அனுப்பிவிடுகிறார்கள். வந்தவர்கள் அவரவர் சபை ஆராதனைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இந்தக் கணக்கு. கட்டணம் 120 வெள்ளி (ரிங்கிட்). தங்குமிடம், மூன்று வேளை உணவு, ஒரு குறிப்பேடு ஆகியவை அதில் அடங்கும். உள்ளூர்ப் பிரசங்கிகள், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகள், பாடகர் குழுவை நடத்தும் இளைஞர் ஒருவர் என நாங்கள் 11 பேர் இருந்தோம்.

அறிவிப்பில் "இருதய ஆயத்தம்" என்றுதான் போட்டிருந்தார்கள். ஆனாலும், பிரசங்கத்தை எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்று சொல்லிக்கொடுத்துக் கையில் ஒரு சான்றிதழையும் கொடுத்தனுப்பும் பயிற்சிகளில் இதுவும் ஒன்றாக இருக்கும் என்றே நான் எண்ணினேன். அப்படிப்பட்ட சான்றிதழ்கள் என் அலமாரியில் நான்கு இருக்கின்றன. 14 ஆண்டுகளாக மாதம் ஒருமுறையாவது பிரசங்கம் செய்கிற எனக்கு ஐந்தாவது தேவைப்படவில்லை. இருந்தும் போனதற்குக் காரணம் உண்டு. தோட்டத்து வீட்டின் பத்திர விவகாரத்தில் தம்பியோடு எட்டு மாதங்களாகப் பேச்சில்லை. அந்த எட்டு மாதங்களுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கெட்ட குமாரன் உவமையை எடுத்து, திரும்பி வந்த தம்பியின்மேல் கோபம்கொண்டு வீட்டுக்குள் வர மறுத்து வெளியே நின்ற மூத்த குமாரனைப் பற்றி நன்றாகவே பேசினேன். பலரும் கை குலுக்கினார்கள். பேசியவனுக்கு மட்டும் ஒன்றும் உறைக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் அது நினைவுக்கு வந்தபோதுதான் பயம் பிடித்தது.

முகாமின் மிகச் சிறந்த பகுதி முதல் இரவின் வேதபாடம். ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் எஸ்றா 7:10 என்ற ஒரே வசனத்தை ஒன்றரை மணி நேரம் எடுத்தார். கர்த்தருடைய வேதத்தை ஆராயவும், அதின்படி செய்யவும், உபதேசிக்கவும் எஸ்றா தன் இருதயத்தைப் பக்குவப்படுத்தியிருந்தான் என்கிறது வசனம். ஆராய்வதற்கும் உபதேசிப்பதற்கும் நடுவே "செய்யவும்" என்றொரு சொல் நிற்பதையும், நம்மில் பலர் அதைத் தாண்டிக் குதித்தே பிரசங்க பீடத்துக்குப் போகிறோம் என்பதையும் அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். பிறகு 2 நாளாகமம் 12:14-ஐத் திறக்கச் சொன்னார். கர்த்தரைத் தேடுவதற்குத் தன் இருதயத்தை நேராக்காததால் ரெகொபெயாம் பொல்லாப்புச் செய்தான் என்று அங்கே இருக்கிறது. தமிழில் ஓரிடத்தில் "பக்குவப்படுத்தி" என்றும் மற்றோரிடத்தில் "நேராக்கி" என்றும் வந்தாலும், எபிரெயத்தில் இரண்டும் ஒரே வினைச்சொல். நிலைநிறுத்துவது, உறுதியாக நாட்டுவது என்பது அதன் பொருள். "என் இருதயம் ஆயத்தமாயிருக்கிறது" என்று 57ஆம் சங்கீதத்தில் தாவீது பாடுவதும் அதே வேரிலிருந்து வருகிறது. சாலொமோனின் மகனான ரெகொபெயாமுக்கும் வேதபாரகனான எஸ்றாவுக்கும் நடுவே உள்ள வேறுபாடு திறமையிலோ குலத்திலோ இல்லை, இந்த ஒரு வினைச்சொல்லில்தான் இருக்கிறது என்று அவர் சொன்னபோது குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

எபிரெயச் சொல்லில் இல்லாத ஒன்றை நம் தமிழ்ச் சொல் கூட்டியிருக்கிறது என்பது என் எண்ணம். பக்குவம் என்றால் நமக்குச் சோறும் பழமும் நினைவுக்கு வரும். அடுப்பை எரியவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் வேகாது. போதகர் இதைத் தொடவில்லை. ஆனால் எஸ்றாவின் பயணத்தை அவர் சொன்ன விதத்தில் அந்தப் பொருளும் வந்துவிட்டது. பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு நான்கு மாத வழி. அதில் அகாவா நதியருகே எஸ்றா மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்குகிறான். கூட்டத்தைப் பார்வையிட்டு, லேவியர் ஒருவரும் இல்லை என்று கண்டு ஆள் அனுப்புகிறான். ராஜாவிடம் படைவீரரைக் கேட்க வெட்கப்பட்டு உபவாசம் கூறுகிறான். புறப்பட்ட பிறகும் நின்று, இருப்பதையும் இல்லாததையும் எண்ணிப் பார்த்த இடம் அது.

சனிக்கிழமை விடியற்காலை, சபைக்குப் பின்புறம் சிறுதோட்டக்காரர் ஒருவர் வைத்திருக்கும் ரப்பர்க் காட்டுக்கு அழைத்துப் போனார்கள். சுற்றிலும் செம்பனையாகிவிட்ட இடத்தில் இன்னும் பால்மரம் நிற்பதே அதிசயம். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா நெற்றியில் விளக்கோடு வேலையைத் தொடங்கியிருந்தார். மரத்தின் முன் நின்றதும் அவர் கத்தியை எடுக்கவில்லை. முந்தைய வெட்டின் மேல் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை ஒரு முனையில் நகத்தால் கிளப்பி, நாடா உரிப்பதுபோல ஒரே இழுப்பில் எடுத்து இடுப்பிலிருந்த பையில் போட்டார். மங்கில், அதாவது பால் வடியும் கிண்ணத்தில், உறைந்திருந்த கட்டியைப் பிடுங்கினார்; மங்கைத் துடைத்துக் கவிழ்த்துத் தட்டினார். அதன் பிறகுதான் கத்தி பட்டையில் படிந்தது, காகிதம்போல மெல்லிய சீவல் விழுந்தது, வெள்ளைக் கோடு சரிந்து இறங்கியது. ஒட்டுப்பாலை எடுக்காமல் வெட்டினால் என்னவாகும் என்று ஒருவர் கேட்டார். "பால் கோட்டுல நிக்காது தம்பி, மரத்துமேல வழிஞ்சு வீணாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். போதகர் அங்கேயே நின்று ஒட்டுப்பால் எதற்கு அடையாளம், மங்கு எதற்கு அடையாளம், கத்தி எதற்கு அடையாளம் என்று கால் மணி நேரம் விளக்கினார். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த விளக்கம் தேவையில்லை. அந்த அம்மா சொன்ன ஒரு வரி போதுமாயிருந்தது.

காலை ஏழரை முதல் பதினொன்றரை வரை மௌனம். கைப்பேசிகளை முந்தைய இரவே ஒரு பெரிய மைலோ தகரப்பெட்டியில் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். குறிப்பேட்டில் சுயபரிசோதனைக் கேள்விகள் இருந்தன. அவற்றில் சில, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 டிசம்பர் 25 அன்று சிறு குழுக்களுக்காக வகுத்த விதிகளிலிருந்து எடுத்தவை. உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்ற யாக்கோபு 5:16-ஐ நிறைவேற்றுவதற்காகவே வாரந்தோறும் கூடிய அந்தக் குழுக்களில், சென்ற கூட்டத்துக்குப் பின் அறிந்து செய்த பாவம் எது, நேர்ந்த சோதனை எது, அதிலிருந்து விடுபட்டது எப்படி என்று ஒவ்வொருவரிடமும் நேருக்கு நேர் கேட்பார்களாம். கேள்விகள் நல்லவை, குறிப்பேடுதான் மோசம். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள். தன் இருதயத்தை இரண்டு வரியில் ஆராய்ந்து முடிக்கிறவனுக்கு முகாமே வேண்டியதில்லை. எழுத்துரு சிறியது, நகலெடுத்த தாள் மங்கலாக இருந்தது, மொழிபெயர்ப்பு பல இடங்களில் அரசாங்கப் படிவம்போல இருந்தது. சொந்த நோட்டுப்புத்தகம் ஒன்று கொண்டுபோவது நல்லது.

மௌனத்தின் நடுவே, வழியில் நிற்கும் காரை எடுக்கும்படி ஒலிபெருக்கியில் ஒருவர் அறிவித்தார். இரண்டு முறை. அதுகூடப் பொறுத்துக்கொள்ளக்கூடியது. சனி மாலை, நிகழ்ச்சிநிரலில் இல்லாத ஓர் உரையைச் சேர்த்து, சபைச் செய்திகளைச் சமூக ஊடகத்தில் பரப்புவது எப்படி என்று படம்போட்டு விளக்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. காலையிலிருந்து சிறிது சிறிதாக அடங்கிய மனதைக் கிளறிவிடுவதற்கு அதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஊழியத்தின் வேகத்திலிருந்து மூச்சுவிட வந்தவர்களிடம் மேலும் வேலையை ஒப்படைத்தார்கள். "சற்றே இளைப்பாறும்படி" என்று மாற்கு 6:31-ஐ வாசலில் பதாகையாகக் கட்டியிருந்தவர்களே இப்படிச் செய்தார்கள்.

இருவர் இருவராக அமர்ந்து அறிக்கையிட்டு ஜெபிக்கும் பகுதியைக் கவனமாக நடத்தினார்கள். பேச விருப்பமில்லாதவரை வற்புறுத்தவில்லை. கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொன்னார்கள். எனக்கு என் சொந்தச் சபை மூப்பரையே இணையாக்கியிருந்தார்கள். அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். மாற்றித் தரச் சொன்னதும், காரணம் கேட்காமல் தெலுக் இந்தானிலிருந்து வந்திருந்த அண்ணன் ஒருவரோடு சேர்த்துவிட்டார்கள். நான் தம்பி விஷயத்தைச் சொல்லி முடித்தபோது அவர் எனக்கு ஆறுதல் எதுவும் கூறவில்லை. மத்தேயு 5:24-ஐ வாசித்தார்: முதலில் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும், காணிக்கை பலிபீடத்தின் முன்னேயே இருக்கட்டும். "நாளைக்கு உங்களுக்குப் பிரசங்கம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சனி நண்பகல் வரை உபவாசம். பிறகு கஞ்சியும் பருப்புத் துவையலும் நெத்திலிச் சம்பலும். சமையலறைப் பெண்கள் மனதாரச் செய்திருந்தார்கள். தங்கியது ஓய்வுநாள் பள்ளிக் கூடத்தில், தரையில் மெத்தை. 11 பேருக்கு ஒரே குளியலறை. கொசுக்கடி கடுமை.

ஞாயிறு காலை மைலோ பெட்டியைத் திறந்து கைப்பேசிகளைத் திருப்பித் தந்ததும் எங்கள் போதகரை அழைத்து, இன்றைக்கு வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கோபித்துக்கொண்டார், அது நியாயமான கோபம். தம்பி வீட்டுக்குப் போனபோது அவன் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தான். குழாயை நிறுத்தாமலே, "சாப்பிட்டியா?" என்றான். பத்திரத்தைப் பற்றி அன்றைக்கு இருவரும் பேசவில்லை.

120 வெள்ளிக்கு முதல் இரவின் வேதபாடமும் சனிக்கிழமைக் காலையும் மட்டுமே போதும்; மாலை உரையை எடுத்துவிட்டு மௌனத்தை இன்னும் இரண்டு மணி நேரம் நீட்டினால் குறை சொல்ல அதிகம் இருக்காது. ஏற்பாட்டாளர்களிடம் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். முதன்முறையாகப் பிரசங்கம் செய்யப் போகிறவர்களைவிட, பல ஆண்டுகள் பேசிப் பழகிப்போனவர்களுக்கே இந்த முகாம் அதிகம் பொருந்தும். போகிறவர்கள் கொசுவலையும் தடித்த நோட்டுப்புத்தகமும் எடுத்துச் செல்லுங்கள். மறுநாள் பிரசங்கத்தை ஒப்புக்கொள்ளாமல் போவது இன்னும் நல்லது.