வெட் எக்ஸாஸ்ட் படகில் இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறாமல் இருக்க: பல சீசன் ஓட்டியபின் எது தாக்குப்பிடித்தது, எது பிடிக்கவில்லை

புகைக்குழாய் வழியாக இன்ஜினில் தண்ணீர் ஏறிவிட்டால் பின்னாலிருந்து அடிக்கும் அலையின் மேல்தான் எல்லோரும் பழி போடுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி அலை இல்லை, நம் கூலிங் பம்புதான். இங்கே சொல்வது 20–30 ஹெச்.பி. இன்போர்டு டீசலும், கடல்நீரைப் புகையோடு கலந்து வெளியே தள்ளும் வெட் எக்ஸாஸ்டும் உள்ள படகுகளுக்கு. மேலே நேராகப் புகை விடும் விசைப்படகுகளுக்கு மழை ஒன்றுதான் கவலை. 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் குழாய் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்தால் போதும்.

கடல்நீர் புகையில் கலக்கும் வளைகுழாயான எல்போ, நீர்மட்டத்துக்குக் கீழேயோ அதற்கு மேல் 15 செ.மீ.க்குள்ளோ இருந்தால் ஆபத்து. பம்பின் இம்பெல்லர் (ரப்பர் இறக்கைச் சக்கரம்) நின்றாலும் நீர்வழியை முழுசாக அடைப்பதில்லை. இன்ஜினை அணைத்தபின் சைஃபன் பிடித்து (குழாயில் நீர் தானாகவே இழுபட்டு), கடல்நீர் மெல்ல மெல்ல எல்போவுக்கு வந்துகொண்டே இருக்கும். முதலில் வாட்டர்லாக் பெட்டி (புகையோடு வரும் தண்ணீர் தங்கும் பெட்டி) நிறையும், அப்புறம் எல்போ, அதன்பின் எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்து நிற்கிறதோ அதற்குள். இதைத் தடுக்க, ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கும் (கடல்நீரால் இன்ஜின் சூட்டைத் தணிக்கும் பாகம்) எல்போவுக்கும் நடுவே ஹோஸை நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது 40 செ.மீ. தூக்கி வளைத்து, உச்சியில் காற்றை உள்ளே விட்டு சைஃபனை முறிக்கும் ஆன்டி சைஃபன் வால்வு போட வேண்டும்.

அந்த வால்வு முதல் வருஷம் நன்றாகவே வேலை செய்யும். பிறகு உப்பு படியும். திறந்தபடி ஒட்டிக்கொண்டால் ஆல்டர்னேட்டர் மேல் உப்புத்தண்ணீர் பீச்சும், உடனே தெரிந்துவிடும். மூடியபடி ஒட்டிக்கொண்டால் எந்த அறிகுறியும் இருக்காது, அதுதான் மோசம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி வெந்நீரில் அலசி, வாயால் ஊதிப் பார்க்க வேண்டும். இந்த வேலையே வேண்டாம் என்றால், உச்சியிலிருந்து 8 மி.மீ. சின்னக் குழாயைப் படகின் பக்கவாட்டில் நீர்மட்டத்துக்கு மேலே வெளியே விடலாம். இன்ஜின் ஓடும்போது அதில் மெல்லிய தாரையாகத் தண்ணீர் வரும். தாரை நின்றால் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் தண்ணீர் இழுக்கவில்லை. அசையும் பாகமே இல்லாத இந்த ஏற்பாட்டுக்குத்தான் எங்கள் ஓட்டு.

வாட்டர்லாக் பெட்டி சிறியதாக இருந்தால் மற்ற எல்லாம் வீண். பெட்டியிலிருந்து வெளிவாய்க்குப் போகும் 50 மி.மீ. ஹோஸில் மீட்டருக்கு ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர் நிற்கும். இன்ஜின் நின்றதும் அது முழுக்கப் பெட்டிக்குத்தான் திரும்பும். 3 மீட்டர் ஹோஸ் என்றால் 6 லிட்டர். 10 லிட்டர் பெட்டி போடுங்கள். எல்போவிலிருந்து பெட்டிக்கு 30 செ.மீ. இறக்கம் வேண்டும். பெட்டியைப் படகின் நடுக்கோட்டை ஒட்டி வைத்தால் சாய்ந்தாலும் இன்ஜின் பக்கம் திரும்பாது. பிளாஸ்டிக் பெட்டிக்கு ஒரு பலவீனம்: இம்பெல்லர் இறக்கை உடைந்து தண்ணீர் நின்றால், சூடான புகை பட்டு நுழைவாய் உருகி நெளியும். ஹோஸில் ஒரு வெப்ப அலாரம் வைப்பது அதற்குச் செய்யத் தகுந்த செலவு.

அதிகமான இன்ஜின்களைக் கெடுப்பது ஸ்டார்ட்டர் சாவி. டீசல் லைனில் காற்று புகுந்து இன்ஜின் பிடிக்காதபோது, ஸ்டார்ட்டர் சுற்றச் சுற்ற பம்ப் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும்; அதை வெளியே தூக்கப் புகை இருக்காது. பத்து நொடி வீதம் மூன்று முறை முயன்றும் பிடிக்கவில்லையா, கடல்நீர் வால்வை (படகுக்குள் கடல்நீர் நுழையும் இடத்தில் உள்ளது) மூடிவிடுங்கள். இன்ஜின் பிடித்த கணமே திறக்க வேண்டும். சில நொடி தண்ணீர் இல்லாமல் சுற்றுவதால் ஈர இம்பெல்லருக்கு ஒன்றும் ஆகாது. கட்டி இழுத்துக்கொண்டு போகும்போதும் இந்த வால்வு மூடியிருக்கட்டும்: நீர் எடுக்கும் வாய் முன்பக்கம் பார்த்திருந்தால், படகின் வேகமே இம்பெல்லரைத் தாண்டித் தண்ணீரைத் தள்ளிவிடும்.

பின்பக்கத்துக்கு வந்தால், புகை ஹோஸை நீர்மட்டத்துக்கு மேல் 40 செ.மீ. வளைவாக ஏற்றி இறக்கி, வெளிவாயை 10 செ.மீ. மேலே வைக்க வேண்டும். ஐஸும் மீனும் ஏற்றி அமரம் (பின்பகுதி) தாழ்ந்த நிலையில் அளக்க வேண்டும், காலிப் படகில் அளப்பது ஏமாற்றும். உயரம் கூடக் கூட நல்லது என்றும் இல்லை. ஒரு மீட்டர் ஏற்றம் ஏறக்குறைய 0.1 பார் எதிரழுத்தம் தரும். சின்ன டீசல்களுக்கு அதுவே எல்லைக்குப் பக்கம். வாயில் தொங்கும் ரப்பர் மூடி வெயிலில் ஒரே வருஷத்தில் விறைத்து நெளியும். துணைக்கு இருக்கட்டும், நம்பி இருக்க வேண்டாம்.

எல்போவும் தேயும். உள்சுவர் அரித்து ஓட்டை விழுந்தால் மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் நேராக எக்ஸாஸ்ட் வால்வுக்கு இறங்கும். வருஷம் ஒருமுறை கழற்றி, கரியைச் சுரண்டி, ஸ்க்ரூடிரைவர் முனையால் உள்சுவரைக் குத்திப் பாருங்கள்.

ஸ்டார்ட்டர் "டக்" என்று நின்றுவிட்டால் சிலிண்டரில் தண்ணீர் ஏறியிருக்கலாம்; மறுபடி சாவியைத் திருப்பக் கூடாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கடல்நீர் வால்வை மூடி, பெட்டியை வடித்து, இன்ஜெக்டர்களைக் கழற்றி, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் மாற்றி, சற்று ஓட்டி, மறுபடி மாற்ற வேண்டும். நிறம் தெளிய மூன்று தடவைகூட ஆகலாம். இதை அன்றைக்கே செய்துவிட வேண்டும், உப்புத்தண்ணீர் நின்றால் பிஸ்டன் ரிங் துருப்பிடித்து சிலிண்டரோடு இறுகிவிடும்.