கோயோட் கண்ணி: 4 குளிர்காலம் வைத்துப் பார்த்ததில்

டெக்சாஸில் சான் ஆஞ்சலோவுக்குத் தெற்கே எங்களுக்குச் சின்னதாக ஒரு பண்ணை, 80 சொச்சம் போயர் ஆடு (இறைச்சிக்கு வளர்க்கும் இனம்). முதல் வருடம் பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் 11 குட்டி போனது. காலையில் போய்ப் பார்த்தால் தாய் ஆடு கத்திக்கொண்டு நிற்கும், குட்டி பக்கத்தில் கிடக்கும், தாடைக்குக் கீழே குரல்வளையில் பல் துளைகள். நாய் கடித்திருந்தால் காது, தொடை, பின்பக்கம் என்று கண்ட இடத்திலும் குதறியிருக்கும். கோயோட் (நரி, ஓநாய் ஜாதியில் இங்கே இருக்கும் காட்டு விலங்கு) நேராகக் குரல்வளைக்குத்தான் போகும். துப்பாக்கியோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன், மறுநாள் வேலையில் தூங்கி விழுந்ததுதான் மிச்சம். அப்புறம்தான் கேபிள் கண்ணி வாங்கினேன், டஜன் 30 டாலருக்குள். எஃகுக் கேபிளில் ஒரு வட்டம், அவ்வளவுதான், தலை நுழைந்து இழுத்தால் லாக் என்ற சின்ன உலோகத் துண்டு கேபிளில் ஓடி வட்டத்தை இறுக்கும்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே நரிக்குக் கண்ணி வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், இதைப் பார்த்து யாரும் இறங்கிவிடாதீர்கள். அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டெக்சாஸில் கோயோட்டுக்கு சீசன் கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது, சொந்த நிலத்தில் கண்ணி வைக்கலாம். கொலராடோவில் 1996இலேயே மக்கள் வாக்களித்துப் பெரும்பாலான கண்ணி, பொறி வகைகளை நிறுத்திவிட்டார்கள்.

முதல் மாதம் ஒன்றும் விழவில்லை. ஓடைக்கரை, புதர் வழி, பார்த்த ஒற்றையடிப் பாதை எல்லாவற்றிலும் வைத்திருந்தேன். பக்கத்துப் பண்ணைப் பெரியவர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கழற்று, வேலியைச் சுற்றி நடந்து வா, அடிக்கம்பியில் என்ன முடி ஒட்டியிருக்கிறது என்று மட்டும் பார் என்றார். நான்கு வருடத்தில் நான் கேட்ட உருப்படியான யோசனை அதுதான். இந்தப் பக்கம் எல்லாம் வலைக்கம்பி வேலி. தாண்ட முடிந்தாலும் கோயோட் பெரும்பாலும் தாண்டுவதில்லை, அடியில் தோண்டி வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நுழையும். ஒருமுறை வழி கண்டுவிட்டால் திரும்பத் திரும்ப அதே ஓட்டைதான்.

அந்த முடியைக் கையில் எடுத்துப் பார்க்கப் பழக வேண்டும். கோயோட் முடி நீளமாக, மெல்லியதாக, வெளிறலும் கருப்புமாகப் பட்டை பட்டையாக, நுனி கருத்து இருக்கும். மான் முடி உள்ளே கூடானது, மடித்தால் மடிந்த இடத்தில் அப்படியே நின்றுவிடும், சில நேரம் ஒடியும். காட்டுப்பன்றி முடி தடித்த நார் மாதிரி, நுனி பிளந்திருக்கும், கம்பியில் சேறும் அப்பியிருக்கும். பன்றி ஓட்டையில் நான் வைப்பதே இல்லை, மாட்டினால் கண்ணியோடு வேலியும் போய்விடும். மான் முடி இருந்தாலும் வைப்பதில்லை, குட்டி மான்களும் வேலிக்கு அடியில்தான் நுழைகின்றன. ஆக, 30 ஓட்டை பார்த்தால் 4 அல்லது 5 தேறும். அதில் தெற்கு ஓடைப் பக்கத்து ஓட்டை ஒன்றிலேயே இதுவரை 7 கோயோட் விழுந்திருக்கிறது.

வைக்கும் முறைக்கு வருகிறேன். புதுக் கேபிளில் எண்ணெயும் பளபளப்பும் இருக்கும். சமையல் சோடா போட்டுக் கொதிக்கவைத்து, இரண்டு வாரம் கொட்டகைக் கூரையில் வெயில் மழையில் கிடக்க விட்டால் மங்கிவிடும். அப்புறம் ஸ்க்ரூடிரைவர் தண்டில் கேபிளை அழுத்தி ஒரு இழுப்பு இழுக்க வேண்டும், அதற்குச் சுருளும் குணம் வந்துவிடும், வட்டத்தில் லேசாக விரல் பட்டாலே லாக் பாதி தூரம் ஓடும். இதைச் செய்யாமல் வைத்த நாட்களில் முட்டிவிட்டுப் பின்வாங்கிப் போன தடம்தான் பார்த்தேன். வேலி ஓட்டையில் வட்டம் 8 அங்குலம், அடிப்பக்கம் தரையிலிருந்து இரண்டு விரல் உயரம், மேலே மெல்லிய செம்புக் கம்பியால் வலையில் ஒரு சுற்று. வெட்டவெளிப் பாதையில் என்றால் வட்டம் 10 அங்குலம், தரையிலிருந்து 10 அங்குலம் என்று வைப்பேன். பெரிய வட்டம் நல்லது என்று ஆரம்பத்தில் நினைத்தேன், தலையும் முன்னங்காலும் தாண்டி இடுப்பில் மாட்டியது. அதை அந்த நிலையில் பார்த்த காலையை நினைக்கவே பிடிக்கவில்லை. கேபிள் நுனியை வேலியில் கட்டாதீர்கள், மாட்டியது புரண்டு புரண்டு பத்தடி வலையைச் சுருட்டிவிடும். பக்கத்திலேயே ரீபார் (கட்டடத்துக்குப் போடும் இரும்புக் கம்பி) அடித்து அதில் கட்டுகிறேன்.

இரண்டாவது டஜனை இணையத்தில் வேறு ஒரு கடையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினேன். லாக்கின் துளையில் பிசிறு, கேபிள் பாதியில் சிக்கி நிற்கும். கேபிள் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நுனியில் வைக்கும் சுழலும் முனை சுழலவே இல்லை, மாட்டியது முறுக்க முறுக்க இழை இழையாகப் பிரிந்து அறுந்தது. கழுத்தில் கேபிளோடு ஒரு கோயோட் போய்விட்டது. இரண்டு டாலர் மிச்சம் பிடித்ததற்கு இது. இப்போது வாங்கும்போதே ஒவ்வொன்றையும் முழங்காலில் மாட்டி இழுத்துப் பார்க்கிறேன் (மனைவி சிரிப்பாள், பரவாயில்லை).

இரண்டாவது குளிர்காலத்தில் எங்கள் காவல் நாயே மாட்டியது. கிரேட் பைரனீஸ், வெள்ளை மலை மாதிரி இருக்கும். தப்பு என்னுடையது, அது சுற்றும் உள்வேலியில் ஒரு கண்ணி வைத்திருந்தேன். விடியலில் போனால் கேபிளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது, வால் மட்டும் ஆடுகிறது. வாரில் கட்டிப் பழகிய நாய் என்பதால் இழுக்கவில்லை, ஸ்பிரிங் இல்லாத சாதாரண வாஷர் லாக் என்பதால் பிழைத்தது. சட்டைப்பையில் இருந்த குறடு இந்தக் கேபிளை ஒரே கடியில் கடிக்காது, இழை இழையாக அறுக்கக் கால் மணி நேரம் ஆனது, என் கை நடுங்கியது, அதுவேறு என் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. 2018இல் நியூ மெக்சிகோவில் ராக்ஸி என்ற நாய் அதன் சொந்தக்காரர் கண் முன்னாலேயே கண்ணியில் மாட்டிச் செத்தது, 2021இல் அந்தப் பெயரிலேயே பொது நிலத்தில் கண்ணியும் பொறியும் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. அந்தச் செய்தியை முன்பே படித்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

அன்றிலிருந்து நாய் போகாத வெளிவேலியில் மட்டும்தான் வைக்கிறேன், இடுப்பில் கேபிள் கட்டர் எப்போதும் தொங்கும். 285 பவுண்டு இழுப்பில் பிரிந்துவிடும் ஜே கொக்கியும் (J வடிவக் கொக்கி), வட்டம் இரண்டரை அங்குலத்துக்குக் கீழே இறுகாதபடி ஒரு மான் தடுப்பும் இல்லாத கண்ணியை வாங்குவதில்லை. கன்றோ பெரிய மானோ இழுத்தால் கொக்கி விட்டுவிடும், கால் மாட்டினாலும் உருவிக்கொள்ளலாம். தினமும் விடிந்ததும் எல்லாவற்றையும் சுற்றிப் பார்ப்பேன். போக முடியாத நாள் என்று முந்தின நாளே தெரிந்தால் கழற்றிவிடுவேன். உயிரோடு இருந்தால் .22 துப்பாக்கி, ஒரே குண்டு.

மே மாதத்துக்கு மேல் வைப்பதில்லை, புல் உயர்ந்துவிடும், ஓட்டைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டால் கிலுகிலுப்பைப் பாம்பு எங்கே என்று பார்த்துக்கொண்டேதான் வேலை செய்ய வேண்டும்.

போன குளிர்காலம் 2 குட்டிதான் போனது. கண்ணி மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன், இரண்டாவது நாயும் வந்துவிட்டது, குட்டி ஈனும் ஆடுகளை ராத்திரி கொட்டகையில் அடைக்கிறேன். ஒருமுறை மாட்டிய கேபிள் கோணிவிடும், திரும்ப உதவாது, லாக்கைக் கழற்றிக் கழுவி வைத்துக்கொள்ளலாம். நவம்பருக்கு முன்னால் கேபிள் மட்டும் ஒரு டஜன் வாங்க வேண்டும், பழைய கடையிலேயே.